எண்ணாமல் மூடாதே

அண்ணன் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் இருந்தது. வாயில் இரண்டு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே அந்த அம்மாள் கதவைத் திறந்தாள். வந்தவளைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தாள். அளவெடுத்துப் பழகிய கண், சும்மா இருக்குமா?

“நீங்கதான் அந்த நர்ஸ் தங்கச்சியா? மூக்கு அப்படியே அவரு மூக்கு.”

“ஆமாக்கா. பத்து நாளைக்கு நான்தான் இங்க.”

“தவளைக்காகவா?”

“தவளைக்காகத்தான்.”

தையல்காரி குண்டூசிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். “சத்தம் கேட்கும், பயந்துடாதீங்க. மொதல்ல எனக்கும் எரிச்சலாத்தான் இருந்துச்சு. இப்ப என்னடான்னா, அதுங்க கத்தலைன்னா எனக்குத் தையலே ஓட மாட்டேங்குது.”

அண்ணன் ஒரு செய்தித்தாள் அச்சகத்தில் பிழை திருத்துபவர். இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் வீடு. கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. போன வாரம் அச்சகத்துப் படிக்கட்டில் கால் வழுக்கி இடுப்பெலும்பை ஒடித்துக்கொண்டார். அடித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடிய தங்கையிடம் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “எனக்கு இங்க நர்சுங்க இருக்காங்க, பாப்பா. அதுங்களுக்கு யாரு இருக்கா?” என்றார். நாற்பது வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான்.

அப்பா போன பிறகு தன் படிப்பை நிறுத்திவிட்டு அவளை நர்சிங் படிக்க வைத்தவர் அவர். பதிலுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்டதில்லை. முதல்முறையாக வாய் திறந்து கேட்டது இதுதான். எப்படி மாட்டேன் என்பாள்? ஆபரேஷன் தியேட்டரில் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். சைக்கிள் கடை வைத்திருக்கும் கணவரிடம் வீட்டை ஒப்படைத்தாள். எட்டு வயது மகளைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. மகள் பிறந்த நாளிலிருந்து அவள் ஒரு ராத்திரிகூட வீட்டை விட்டு வெளியே தங்கியதில்லை; நைட் டியூட்டி வேண்டாம் என்று எத்தனையோ பேரிடம் கெஞ்சியிருக்கிறாள்.

“பத்து நாளா?” என்று மகள் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். “இவ்ளோ விரலா?”

“தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் பண்ணுவேன்டி வாலு.”

“பண்ணலைன்னா வேற அம்மா பார்த்துக்குவேன்,” என்றது அந்த வாலு. மூவரும் சிரித்தார்கள்.

*

தவளை அறை வீட்டின் பின்பக்கம் இருந்தது. ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. பகலில் மட்டுமே வீட்டில் இருக்கும் மனிதர், இரவில் விழிக்கும் பிராணியை வளர்த்தால் என்ன செய்வார்? அந்த அறையின் பகலையும் இரவையும் இடம் மாற்றிவிட்டார். இரவு பத்து மணிக்கு டைமர் விளக்குகளைப் போடும். காலை பத்து மணிக்கு அணைத்துவிடும். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே கும்மிருட்டு. ஒரு மூலையில் சின்னச் சிவப்பு பல்பு மட்டும் எரியும். அந்த வெளிச்சம் தவளைகளை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாதாம்.

உள்ளே நுழைந்ததும் ஈரமண் வாசனையும் பாசி வாசனையும் மூக்கில் ஏறின. மூன்று உயரமான கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் தேங்காய் நார்த்தூள் பரப்பி, கிளைகள் நட்டு, அகல இலைச் செடிகள் வைத்திருந்தார். முதல் தொட்டியில் உள்ளங்கை அளவில் இரண்டு பச்சைக் குண்டுத் தவளைகள். மடிப்பு மடிப்பாகச் சதை தொங்க, சாப்பிட்டு முடித்த ஜமீன்தார்கள் போல உட்கார்ந்திருந்தன. இரண்டாவதில் செங்கண் தவளைகள் ஆறு. மெலிந்த பச்சை உடம்பு, விலாவில் நீலக்கோடு, விழித்தால் ரத்தச் சிவப்பில் கண்கள். மூன்றாவதில் பழுப்பும் வெள்ளையுமாகப் பால் தவளைகள் நான்கு. ஆக மொத்தம் பன்னிரண்டு. தொட்டிகளுக்குக் கீழே, மூடியில் துளை போட்ட ஒரு காலிப் பெட்டி. புதிதாக வருவதையும் நோய் கண்டதையும் தனியாக வைக்கிற ஒதுக்குப் பெட்டி.

சுவரில் அண்ணனின் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு தாள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதே, ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து மருந்து வாடை போன பிறகு தெளி. வெறுங்கையால் தொடாதே, கையுறையை நனைத்துப் போடு, தொட்டிக்குத் தொட்டி மாற்று. ஒரு வகையை இன்னொரு வகையோடு சேர்க்காதே. ஒன்றின் தோலில் ஊறுவது மற்றதற்கு விஷம். சுவர்க்கோழிப் பூச்சியைக் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடு. மிச்சம் விடாதே, பசித்தால் அது தூங்கும் தவளையைக் கடிக்கும். கடைசியாக, கோடிட்டு: எண்ணாமல் மூடாதே.

அதற்கும் கீழே, பிழை திருத்துகிற சிவப்பு மையில், பின்னால் ஏதோ ஒரு நாளில் சேர்த்தது:

*குறைந்தால் தேடு. கூடினால் என்னைக் கூப்பிடு. எதையும் வெளியே எடுக்காதே.*

அவள் சிரித்துக்கொண்டாள். மூடிய தொட்டிக்குள் தவளை எப்படிக் கூடும்? குட்டியா போடும்? தனியாக இருக்கிற மனிதர், இப்படியெல்லாம் யோசனை ஓடும் என்று நினைத்துக்கொண்டாள்.

எண்ணுவதைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பதினேழு வருடமாக அவள் தியேட்டரில் செய்வது அதைத்தான். வயிற்றைத் திறக்கும் முன் பஞ்சுத்துணிகளை எண்ண வேண்டும்; மூடும் முன் மறுபடி எண்ண வேண்டும். கணக்கு இடித்தால், எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும், “மூடாதீங்க சார்” என்று அவள் சொல்லியாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் குற்றம், ஒன்று கூடினாலும் குற்றம். கணக்கு நேராகும்வரை அவளுக்குக் கை ஓடாது.

முதல் நாள் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு, ஆறு, நான்கு. சாயங்காலம் போனில் மகளுக்குக் கதை சொன்னாள்.

“அதுங்க எப்படி முழுங்கும் தெரியுமா? பூச்சி வாய்க்குள்ள போனதும் ரெண்டு கண்ணையும் உள்ள இழுத்துக்கும். கண்ணாலயே சாப்பாட்டைத் தொண்டைக்குள்ள தள்ளும்.”

“பொய்!”

“சத்தியமா. கண்ணு இருந்த எடமே தெரியாது.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த இரண்டு நாளும் போனை எடுத்ததும் அதே கதையைத்தான் கேட்டாள்.

*

புதன்கிழமை காலை பத்தரை மணி. வெளியே தெருவில் வண்டிகள் ஓடும் சத்தம். உள்ளே தவளைகளின் இரவு தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. குண்டுத் தவளைகள் இரண்டும் தொண்டையை உப்பவைத்துக் கரகரவென்று கத்திக்கொண்டிருந்தன. அண்ணனை அந்நேரம் இடுப்பு அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்ற கவலையோடு அவள் தண்ணீர் தெளித்தாள், பூச்சி போட்டாள், எண்ணினாள்.

முதல் தொட்டி இரண்டு. மூடினாள்.

இரண்டாவது தொட்டி. இலையில் மூன்று, கிளையில் இரண்டு, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஒன்று, கீழே மண்ணில் ஒன்று.

ஏழு.

அவசரத்தில் ஒன்றை இரண்டு முறை எண்ணிவிட்டேன் என்று நினைத்தாள். வலப்பக்கத்திலிருந்து தொடங்கி மறுபடி எண்ணினாள். ஏழு. எல்லாவற்றுக்கும் அதே பச்சை, அதே நீலக்கோடு, அதே சிவப்புக் கண்.

குண்டுகள் கத்துவதை நிறுத்தியிருந்தன. எப்போது நிறுத்தின என்று அவளுக்குத் தெரியவில்லை.

அண்ணனின் போன் அணைந்திருந்தது. வார்டுக்குப் போட்டாள். “தியேட்டருக்குள்ள போயிட்டாருங்க. கண் முழிக்க சாயங்காலம் ஆகும்,” என்றார்கள். அவள் தாளைப் பார்த்தாள். எதையும் வெளியே எடுக்காதே. சரி, ஆனால் எங்கிருந்தோ நுழைந்த தவளை என்றால்? அண்ணன் புதிதாக வாங்கி எங்கேயோ ஒளிந்திருந்தது என்றால்? நோய் இருந்தால் மிச்ச ஆறும் போய்விடுமே. அவர் கண் விழித்ததும் முதலில் கேட்பது இவற்றைப் பற்றித்தானே?

கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. மூடியில் வைத்த கை மூட மறுத்தது.

அவள் கவனித்துப் பார்த்தாள். ஏழில் ஒன்று மற்றவற்றோடு சேராமல் கீழே மண்ணோடு ஒடுங்கிக் கிடந்தது. நிறம் இப்போது கொஞ்சம் மங்கியிருந்தது. பூச்சி பக்கத்தில் போயும் வாய் திறக்கவில்லை. மற்ற ஆறும் மேலே வரிசையாக இருந்தன. வேற்றாள் யார் என்று கேட்டால் யாரும் இதைத்தான் காட்டுவார்கள்.

கையுறையை நனைத்துப் போட்டு அதை மெல்ல எடுத்து ஒதுக்குப் பெட்டியில் விட்டாள். ஈரத்துணி விரித்து, தண்ணீர்க் கிண்ணம் வைத்து மூடினாள். இரண்டாவது தொட்டியை மறுபடி எண்ணினாள். ஆறு. இப்போதுதான் மூச்சு வந்தது. கணக்கு நேரானால் அவளுக்கு உலகமே நேரானது போல.

குண்டுகள் அன்று முழுவதும் கத்தவில்லை. மதியம் தையல்காரி சுவரைத் தட்டி, “ஏன்மா, அதுங்களுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள். சாயங்காலம் வார்டிலிருந்து ஒரு நல்ல செய்தி மட்டும் வந்தது: அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது, ஆனால் பேச முடியாத மயக்கம்.

*

மறுநாள் காலை அந்த அறை இருட்டானதும் முதலில் ஒதுக்குப் பெட்டியைத் திறந்தாள். அதிலிருந்த தவளை பளிச்சென்று பச்சையாக உட்கார்ந்திருந்தது. இடுக்கியில் பூச்சியைக் காட்டியதும் லபக்கென்று பிடித்தது. கண்ணை உள்ளிழுத்து விழுங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு பூச்சிகள். உடம்பில் ஒரு குறையும் இல்லை. அங்கே எதற்காகவோ பயந்து ஒடுங்கியிருந்த பிராணி, இங்கே தனியாக வந்ததும் நிம்மதியாகச் சாப்பிட்டது.

அப்படியானால் எடுத்தது வேற்றுத் தவளையே இல்லையோ?

இரண்டாவது தொட்டிக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். சிவப்பு வெளிச்சத்தில் ஆறு தவளைகள். ஐந்து ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் கண்ணாடியில் வயிற்றை ஒட்டிக்கொண்டு அவள் முகத்துக்கு நேராக இருந்தது.

தவளைக்கு விலா எலும்பு கிடையாது. தொண்டையை அடித்து அடித்துத்தான் மூச்சு விடும். மூலையில் இருந்த ஐந்தின் தொண்டைகளும் எண்ண முடியாத வேகத்தில் துடித்துக்கொண்டிருந்தன. கண்ணாடியில் இருந்ததன் தொண்டை அசையவே இல்லை.

செத்துவிட்டதோ என்று நெருங்கிப் பார்த்தாள்.

அதன் வயிறு மெதுவாக ஏறியது. மெதுவாக இறங்கியது.

கை தானாகக் கடிகாரத்துக்குப் போனது. நோயாளி படுக்கை ஓரத்தில் ஆயிரம் முறை செய்த வேலை. ஒரு நிமிடம் முழுக்க எண்ணினாள்.

பதினாறு.

நன்றாக ஆழ்ந்து தூங்குகிற ஒரு மனிதனின் மூச்சு அது.

அவள் எழுந்தாள். விளக்குப் போடவில்லை, கத்தவும் இல்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள்.  ஜன்னலுக்கு வெளியே பகல் பதினோரு மணி வெயிலில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அந்த வெயிலைப் பார்க்கும்போது அவளுக்கு அழுகைதான் வந்தது.

*

வெள்ளிக்கிழமை காலை அண்ணனே கூப்பிட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

“பாப்பா. எத்தனை?”

வலிக்கிறது என்றோ, சாப்பிட்டாயா என்றோ இல்லை. எடுத்த எடுப்பில் எத்தனை.

“அண்ணா… ரெண்டு, ஆறு, நாலு. ஆனா…”

“ஆனா என்ன?”

“புதன்கிழமை செங்கண்ணுல ஏழு இருந்துச்சு. உங்களுக்குப் போன் போட்டேன், நீங்க தியேட்டர்ல இருந்தீங்க. அதான் ஒன்னை எடுத்து ஒதுக்குப் பெட்டியில…”

மறுபக்கம் யாரோ டிராலி தள்ளிக்கொண்டு போவது மட்டும் கேட்டது.

“எடுத்துட்டியா?” என்றார் கடைசியில். மெல்லத்தான் சொன்னார். “எடம் காலி பண்ணிக் குடுத்துட்டியே, பாப்பா.”

“என்னண்ணா சொல்றீங்க? அது என்னது?”

“தெரியாது. எனக்கு மொதல்ல தெரிஞ்சது தொட்டியில இல்ல. ரொம்ப நாளா இந்த வீட்ல நான் ஒரு தட்டு கூடுதலாக் கழுவிக்கிட்டு இருந்தேன். நான் ஒருத்தன்தானே, ரெண்டு தட்டு எப்படி வருதுன்னு ஒரு நாள் உறைச்சுச்சு. அப்புறம்தான் அது தொட்டிக்குப் போச்சு.” மூச்சு வாங்கினார். “கூடுதலா இருக்கறவரைக்கும் அது ஒன்னும் பண்ணாது. எடம் இல்லாம சுத்திக்கிட்டு இருக்கும், நாலு நாள்ல காணாமப் போகும், திரும்ப வரும். ஆனா நாமளே ஒன்னை எடுத்துட்டா, அந்த எடம் அதுக்குச் சொந்தம்.”

“இதை ஏன் மொதல்லயே சொல்லலை?” அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “சிவப்பு மையில ஒரு வரி எழுதி வெச்சா போதுமா?”

“சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?” என்றார் அண்ணன்.  “திருப்பி விட்டுடு. அதோட எடத்துல அதை விட்டுடு. இப்பவே.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே தவளை அறைக்குப் போனாள். கையுறை நனைத்தாள். ஒதுக்குப் பெட்டித் தவளையை எடுத்து, இரண்டாவது தொட்டியின் மூடியைக் கை நுழையும் அளவு மட்டும் நகர்த்தி உள்ளே விட்டு, உடனே பழையபடி பொருத்தினாள். அது தாவி மூலையில் இருந்த கும்பலோடு சேர்ந்துகொண்டது.

எண்ணினாள்.

“அண்ணா. ஏழுதானே இருக்கணும்?”

“ஆமா.”

“ஆறுதான் இருக்கு.”

ஆறின் தொண்டைகளும் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தன. கண்ணாடியில் ஒன்றும் இல்லை. வயிறு ஒட்டியிருந்த இடத்தில் ஈரத்தின் தடம் மட்டும், கையகலத்துக்கு. அதற்குச் சற்று மேலே மூடி சரியாகத்தான் பொருந்தியிருந்தது.

திடீரென்று குண்டுகள் இரண்டும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கின. பால் தவளைகளும் சேர்ந்துகொண்டன. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது.

“போயிடுச்சுண்ணா,” என்றாள். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. சிரிப்பும் வந்தது.

அண்ணன் சிரிக்கவில்லை. “எடத்தை ருசி பார்த்துட்டுப் போயிருக்கு,” என்றார். “வீட்டை நல்லாப் பாரு. என் படுக்கை?”

“அதுல நான்தானே தூங்கறேன்.”

“சரி. அப்ப அங்க காலி எடம் எதுவும் இல்ல.” கொஞ்ச நேரம் யோசித்தார். “இல்லைன்னுதான் நினைக்கறேன்.”

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. ஏழரைக்கும் எடுக்கவில்லை. கணவர் போனைக் கடையில் மறந்து வைத்துவிட்டு வருவது வாரத்துக்கு மூன்று முறை நடப்பதுதான். காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று திட்டிக்கொண்டே படுத்தாள். மூன்று நாளில் அன்றுதான் நன்றாகத் தூங்கினாள். அதை நினைத்தால் அவளுக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

*

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி போட்டாள். மகள்தான் எடுத்தாள்.

“ஹலோ, யாரு?”

“யாரா? அம்மாடி! நேத்து ஏன் போனே எடுக்கலை?”

மகள் தயங்கித் தயங்கி, அந்நியர்களிடம் பேசும் மரியாதையோடு சொன்னாள்:

“நீங்க யாருங்க? அம்மா இங்கதான் இருக்காங்க.”

“வாலு, விளையாடாதே.”

“விளையாடலைங்க. அம்மா நேத்தே வந்துட்டாங்க. தலை துவட்டிக்கிட்டு இருக்காங்க.” போனை விட்டுத் தள்ளி, உள்ளே பார்த்து: “அம்மா, யாரோ உன்ன மாதிரியே பேசறாங்க!”

யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. ஈரக் காலடி. தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற காலடி.

இணைப்பு அறுந்தது.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. எந்த வீட்டில் இடம் காலியாக இருக்கிறது என்று அண்ணனும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. எட்டு வருடமாக ஒரு ராத்திரிகூடக் காலியாகாத இடத்தைப் பத்து நாளைக்குக் காலி செய்துவிட்டு வந்தவள் அவள்தான்.

சாவியைத் தையல்காரி கையில் திணித்தாள். “தண்ணி தெளிங்கக்கா, பூச்சி போடுங்க, எண்ணுங்க. கூடுனா எதையும் எடுக்காதீங்க!” என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். பேருந்தில் இருந்து அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் முழுதாகக் கேட்கவில்லை.

“ஓடு. உன் எடத்துல போய் நில்லு. அதை ஒன்னும் கேட்காதே, விரட்டாதே. உன் எடத்துல நீ போய் நின்னுட்டா அது வெறும் கூடுதல். பாப்பா… என்னை மன்னிச்சுடு.”

இரண்டு மணி நேரப் பயணம். கண்டக்டர் இரண்டு முறை சீட்டுக் கேட்டும் அவள் காதில் விழவில்லை. மகளின் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

*

கணவர் வாசலில் உட்கார்ந்து ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“ஏய், மாடிக்குத் துணி எடுக்கத்தானே போன? எப்படி வெளியில இருந்து வர்ற?”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சூடான, கிரீஸ் படிந்த, அவளுக்குத் தெரிந்த கை.

“நான் எப்போ வந்தேன்?” என்று மட்டும் கேட்டாள்.

“என்ன கேள்வி இது? நேத்து மத்தியானம். நனைஞ்சு வந்த. மழையான்னு கேட்டேன், தலையாட்டுன.” சிரித்தார். “ரெண்டு வேளை ஒரு வார்த்தை பேசலை நீ. எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.”

மாடிக்கதவு உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது. திறந்து பார்த்தாள். கொடியில் துணிகள் அப்படியே கிடந்தன. ஒன்றைக்கூட யாரும் எடுக்கவில்லை. கீழே வந்து குளியலறை, சமையலறை, பீரோவின் பின்பக்கம், கட்டிலின் அடி, எல்லாம் பார்த்தாள். யாரும் இல்லை. குளியலறைச் சுவரில், தலைக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில் ஓர் ஈரத் தடம் மட்டும் இருந்தது. அதைக் கணவரிடம் காட்டவில்லை. காட்டி என்ன சொல்வாள்?

மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து மகளின் முகத்தையும் கையையும் விரல்களையும் தடவித் தடவிப் பார்த்தாள். எல்லாம் பத்திரமாக இருந்தது. அழுகையை அடக்க முடியவில்லை.

“ஏம்மா அழற?”

“ஒன்னுமில்லடி. உன்னைத் தேடுச்சு.”

மகள் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு அந்தக் கண்களையே உற்றுப் பார்த்தாள். முகத்தில் குறும்பு வந்தது.

“அம்மா, நேத்து பண்ணுனியே, அதை இன்னொரு தடவை பண்ணிக் காட்டேன்.”

“எதைடி?”

“சாப்பிடும்போது பண்ணுனியே. ரெண்டு கண்ணையும் உள்ள இழுத்து. நீ சும்மா கதை விடறேன்னு நினைச்சேன்மா, நிஜமாவே கண்ணு இருந்த எடமே தெரியலை!”

*

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சனிக்கிழமைகளில் மூவரும் கொஞ்சம் கண்ணயர்வது வழக்கம். திரைச்சீலையை இழுத்துவிட்டால் அறை மங்கலாகிவிடும். சுவரோரம் கணவர், நடுவில் அவள், ஜன்னலோரம் மகள். மகளை நடுவில் போடலாம் என்றாள். அந்த வாலு கேட்கவில்லை. ஜன்னலோரம் அவளுடைய இடமாம்.

போன் திரை ஒளிர்ந்தது. தியேட்டரிலிருந்து செய்தி: ஆள் பற்றாக்குறை, திங்கள் காலை ஏழு மணிக்கு வர முடியுமா? அவள் பதில் போடவில்லை. இனி எப்படி இந்த வீட்டை விட்டு ஒரு ஷிப்டுக்குக்கூடப் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்பாவும் மகளும் தூங்கிவிட்டார்கள். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பழக்கம் விடவில்லை. எண்ண ஆரம்பித்தாள்.

வலப்பக்கம் கணவரின் மூச்சு. லேசான குறட்டையோடு, பதினைந்து.

இடப்பக்கம் மகளின் மூச்சு. பிஞ்சு மூச்சு, இருபது.

தன் மூச்சை அடக்கிக்கொண்டாள். இப்போது அறையில் இரண்டுதான் கேட்க வேண்டும்.

மூன்று கேட்டது.

மூன்றாவது மிகச் சின்னது. நிற்காமல் துடிக்கிற, எண்ண முடியாத வேகத்தில் அடிக்கிற மூச்சு. மகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஜன்னலோரத்திலிருந்து வந்தது. ஈரமண் வாசனை ஒரு நொடி வந்து போனது.

எதையும் வெளியே எடுக்காதே.

அவள் திரும்பவில்லை, கத்தவில்லை. மகளின் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் என் இடத்தில் இருக்கிறேன், நான் என் இடத்தில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கட்டிலின் ஜன்னலோர விளிம்பு மெல்ல அமுங்கியது. தூக்கத்திலேயே மகள் அம்மா பக்கம் கொஞ்சம் நகர்ந்து, இடம் விட்டாள்.